எச்சில் ஊறுமா டாக்டர்?

சென்ற இதழில் வாய் வறட்சியைப் பற்றி எழுதும்போது ஒளி சிகிச்சை என்று, அதாவது எச்சில் சுரப்பி மேல் மெல்லிய லேசர் ஒளி வைத்து ஊற வைக்கப் பார்ப்பதைப் பற்றி, ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை மேசையில் அதிகம். நான் மதுரையில் 26 ஆண்டுகளாக வாய்நோய் மருத்துவம் பார்க்கிறேன். புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்துக்கொண்டு, வாய் காய்ந்து, கையில் தண்ணீர் பாட்டிலோடு வந்து உட்காருகிறவர்களைப் பார்க்காத வாரமே கிடையாது. அதனால் இந்த இதழின் பக்கங்களை இந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கிவிட்டேன்.

என் கணவருக்கு வயது 58. நாக்கின் ஓரத்தில் புற்றுநோய் என்று ஆபரேஷன் செய்து, பிறகு 33 நாள் கரண்ட் வைத்தார்கள். முடிந்து எட்டு மாதம் ஆகிறது. நோய் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் வாயில் எச்சிலே இல்லை. இட்லியைக்கூட சாம்பாரில் கரைத்துத்தான் குடிக்கிறார். ராத்திரி நாலு தடவை தண்ணீருக்கு எழுந்திருக்கிறார். இங்கே ஒரு கிளினிக்கில் 12 சிட்டிங் லேசர் வைத்தால் பழையபடி ஊறும் என்கிறார்கள். மொத்தப் பணத்தையும் முதலிலேயே கட்டச் சொல்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டலாமா?
வாசகி, திருமங்கலம்

நகை வீட்டிலேயே இருக்கட்டும் அம்மா. முதலில் அவருடைய எச்சிலை அளக்க வேண்டும். இந்த எட்டு மாதத்தில் யாரும் அளந்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை.

வீட்டிலேயே அளக்கலாம். காலை பத்து மணி வாக்கில், சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆன பிறகு, அவரை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். தலை லேசாகக் குனிந்திருக்கட்டும். வாயில் இருப்பதை ஒரு முறை விழுங்கிவிட வேண்டும். அதன்பின் ஐந்து நிமிடம் விழுங்கவும் கூடாது, பேசவும் கூடாது. ஊறுவதெல்லாம் கீழுதட்டு வழியாகத் தானாக ஒரு சின்ன டம்ளரில் சொட்டட்டும். கடைசியில் வாயில் தங்கியதையும் துப்பிவிடச் சொல்லுங்கள். மருந்துக் கடையில் 2 மி.லி. சிரிஞ்சு வாங்கி, ஊசியைப் போடாமல் அதில் உறிஞ்சிப் பாருங்கள். நுரையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நல்ல வாயில், சும்மா இருக்கும்போதே இந்த ஐந்து நிமிடத்தில் ஒன்றரை மி.லி. அளவுக்குச் சேர்ந்துவிடும். அரை மி.லி.க்குக் கீழே என்றால் சுரப்பு உண்மையிலேயே குறைந்துவிட்டது.

மறுநாள் அதே நேரத்தில் இன்னொரு முறை. இந்தத் தடவை சர்க்கரை இல்லாத சூயிங்கம்மை மென்றுகொண்டே ஐந்து நிமிடம் துப்ப வேண்டும். இரண்டையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். நான் முதலில் பார்ப்பது, மெல்லும்போது அளவு கூடுகிறதா என்பதைத்தான். 0.2 மி.லி. வந்த வாயில் மெல்லும்போது 0.8 வந்தால் எனக்கு மனது நிறைந்துவிடும். உள்ளே உயிரோடு இருக்கும் செல்கள் இருக்கின்றன என்று அர்த்தம். ஊற்று உள்ள கிணற்றைத் தூர் வாரினால் தண்ணீர் கூடும். ஊற்றுக்கண்ணே செத்துப்போன கிணற்றை எத்தனை தடவை தூர் வாரினாலும் மண்தான் வரும். ஒளி சிகிச்சையும் அப்படித்தான். மெல்லும்போதும் ஒரு துளிகூடக் கூடாதவர்களுக்கு என் கையாலேயே வாரக்கணக்கில் லேசர் வைத்திருக்கிறேன். நோட்டில் எண் மாறவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்ததே இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று சொல்கிறேன். குழந்தைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வரும்போது காதுக்கு முன்னால் கொழுக்கட்டை மாதிரி புடைக்கிறதே, அதுதான் பரோடிட் சுரப்பி. நமக்கு இருப்பதிலேயே பெரியது. மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்துக்குள் அதன் குழாய் திறக்கும். இன்னொரு ஜோடி தாடைக்குக் கீழே, மற்றொரு ஜோடி நாக்குக்கு அடியில். இது போக உதட்டிலும் அண்ணத்திலும் நூற்றுக்கணக்கான குட்டிச் சுரப்பிகள். எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை ஊறும். சாப்பிடும்போது வரும் தண்ணீரில் பெரும்பங்கு பரோடிட் தருவது. சும்மா இருக்கும்போதும் தூங்கும்போதும் வாயை நனைத்து வைத்திருப்பது தாடைக்குக் கீழே உள்ள ஜோடி. அவர் ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறார் என்றால் அந்த ஜோடிதான் அதிகம் அடி வாங்கியிருக்கிறது.

33 நாள் என்றால் பெரும்பாலும் 66 கிரே அளவுக் கதிர்வீச்சு. கட்டி இருந்த இடத்துக்கு அவ்வளவு தேவை. ஆனால் பரோடிட்டுக்குச் சராசரியாக 26 கிரேக்கு மேல் போனால் அது மீண்டு வருவது கஷ்டம். அதற்குக் கீழே நின்றிருந்தால் ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே ஓரளவு திரும்பும். நீங்கள் கேட்க வேண்டிய முதல் காகிதம் இதுதான். கரண்ட் வைத்த ஆஸ்பத்திரிக்குப் போய், எந்தப் பக்கத்துப் பரோடிட்டுக்கு எவ்வளவு டோஸ் போயிருக்கிறது என்று கேளுங்கள். கம்ப்யூட்டரில் போட்ட பிளானில் அது இருக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அவருக்கு எட்டு மாதம்தான் ஆகிறது. தானாகத் திரும்புகிற சுரப்பு திரும்புகிற காலமே இதுதான். 12 சிட்டிங் நடக்கும் அதே வாரங்களில் லேசர் இல்லாமலேயே கொஞ்சம் ஊறத் தொடங்கலாம். பெயர் லேசருக்குப் போய்விடும். ஆகவே லேசர் வைப்பதென்று முடிவு செய்தாலும், அதற்கு முன் வாரம் ஒரு முறை வீதம் நாலு வாரம் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எண் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

சரி, ஆராய்ச்சி என்ன சொல்கிறது? கதிர்வீச்சுக்குப் பிறகு வறண்ட வாய்க்கு லேசர் வைத்துப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. சிலவற்றில் சுரப்பு கூடியது. சிலவற்றில் அளவு கூடாமலே நோயாளிக்கு ஆறுதல் தெரிந்தது. பெரும்பாலும் சின்ன ஆய்வுகள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு அளவு ஒளி, ஒவ்வொரு இடம். கதிர்வீச்சு நடக்கும்போதே லேசர் வைத்து எச்சிலைக் காப்பாற்றலாமா என்பதைப் பற்றி, புற்றுநோய்த் துறையின் மூன்று சர்வதேச அமைப்புகள் 2021இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில் ஆதாரம் போதவில்லை என்றே எழுதியிருக்கிறார்கள். அதே வழிகாட்டுதலில், கதிர்வீச்சு முடிந்த பிறகு வரும் வறட்சிக்கு அக்குபங்சரையும், தோலுக்கு மேலே மெல்லிய மின்தூண்டல் வைப்பதையும் முயன்று பார்க்கலாம் என்கிறார்கள். கொஞ்சமாவது சுரப்பு மிச்சம் இருந்தால் பைலோகார்பின் மாத்திரையும் உண்டு. அது வேலை செய்யும், ஆனால் சட்டை நனைகிற அளவுக்கு வேர்க்கும். கட்டுக்குள் வராத ஆஸ்துமா உள்ளவர்களும், கண்ணில் குறுகிய கோண கிளாக்கோமா உள்ளவர்களும் தொடக்கூடாது.

ஆக, "பழையபடி ஊறும்" என்று ஒருவர் உறுதி கொடுத்தால் அவர் சொல்லக்கூடாததைச் சொல்கிறார். நான் அந்தக் கிளினிக்கில் போய் உட்கார்ந்தால் இதைத்தான் கேட்பேன்: சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எச்சிலை அளப்பீர்களா, என்ன அலைநீளம், ஒரு புள்ளிக்கு எத்தனை ஜூல் ஒளிச் சக்தி, கட்டி இருந்த இடத்தை எப்படி ஒதுக்குவீர்கள், ஆறு சிட்டிங்கில் எண் ஏறவில்லை என்றால் மிச்சப் பணம் திரும்ப வருமா? முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் போகலாம். அதுவும் உங்கள் கணவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு.

லேசரோ இல்லையோ, பல்லை விட்டுவிடாதீர்கள். எச்சில் இல்லாத வாயில் ஈறு ஓரமாகச் சொத்தை பிடித்து, ஆறே மாதத்தில் பல் கழுத்தோடு ஒடியும். பல் அளவுக்கு ஒரு டிரே செய்து, தினமும் ஃபுளோரைடு ஜெல் போட்டு ஐந்து நிமிடம் வைத்திருக்க வேண்டும். துப்பிய பிறகு அரை மணி நேரம் தண்ணீர்கூடக் கூடாது. வாய் கொப்பளிக்க ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா. ஊறட்டும் என்று எலுமிச்சையைச் சப்பக் கொடுக்காதீர்கள், அமிலம் பல்லைத் தின்றுவிடும். நாக்கில் தயிர் ஒட்டியது மாதிரி வெள்ளை தெரிந்தால் அது காளான் தொற்று. அதற்குத் தனி மருந்து உண்டு, உடனே காட்டுங்கள்.

ஆன்லைனில் முகத்துக்குப் போடும் சிவப்பு விளக்கு மாஸ்க் விற்கிறார்கள். அதைக் கன்னத்தில் வைத்தால் எச்சில் ஊறுமா? எங்கள் ஊர் பிசியோதெரபியில் இருக்கும் இன்ஃப்ராரெட் விளக்கு?
வாசகர், திண்டுக்கல்

இரண்டும் வேண்டாம். பிசியோதெரபி விளக்கு சூடு கொடுப்பதற்கானது. நாங்கள் வைக்கும் லேசரில் சூடே அநேகமாகத் தெரியாது. கதிர்வீச்சு பட்ட கன்னத்துத் தோலுக்கு உணர்ச்சி குறைவாக இருக்கும், சுட்டாலும் உறைக்காது, கொப்புளம் கண்ட பிறகுதான் தெரியும். மாஸ்க்கில் உள்ள விளக்குகள் தோலின் மேல்பகுதிக்காகச் செய்தவை. சுரப்பி வரை எவ்வளவு ஒளி போய்ச் சேர்கிறது என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை.

நான் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறேன். வெறும் வெளிச்சம் எப்படி ஒரு சுரப்பியை வேலை செய்ய வைக்கும்? நம்பும்படியாக இல்லையே?
வாசகி, காரைக்குடி

நானும் முதலில் நம்பவில்லை, தங்கச்சி. இந்தக் கதை எலி முடியில் தொடங்குகிறது. 1960இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் முதல் லேசரை உருவாக்கினார். மாணிக்கக் கல்லிலிருந்து வந்த சிவப்பு ஒளி. அடுத்த சில ஆண்டுகளில் ஹங்கேரியின் புடாபெஸ்டில் என்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் அதை வைத்துக் கட்டிகளை அழிக்க முடியுமா என்று எலிகளிடம் சோதித்தார். அவரிடம் இருந்த கருவிக்கு அவர் நினைத்த அளவு பலம் இல்லை. கட்டி அழியவில்லை. ஆனால் சோதனைக்காக முடி மழித்த இடத்தில், ஒளி பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் வளர்ந்தது. 1967 வாக்கில் அதை எழுதினார். பிறகு ஆறாத புண்களுக்கு வைத்துப் பார்த்தார். போட்டோபயோமாடுலேஷன் என்று இன்று சொல்கிற துறை அங்கிருந்துதான் கிளம்பியது.

செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்ஸிடேஸ் என்றொரு என்சைம் இருக்கிறது. சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பின் அருகில் உள்ள ஒளியையும் அது உறிஞ்சுகிறது என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். உறிஞ்சும்போது அதில் ஒட்டிக்கொண்டு வேலையைத் தடுக்கும் நைட்ரிக் ஆக்ஸைடு விலகுகிறது, செல்லின் எரிபொருளான ஏடிபி உற்பத்தி கூடுகிறது, வீக்கம் தணிகிறது என்கிறார்கள். எச்சில் சுரப்பியைக் குறுக்கே வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் திராட்சைக் குலை மாதிரி இருக்கும். அந்தத் திராட்சைகள் சோர்ந்து இருந்தால் ஒளி உதவலாம். நார்த்தழும்பாக மாறியிருந்தால் ஒளியை உறிஞ்சி வேலை செய்ய அங்கே ஆளே இல்லை.

நீங்கள் இயற்பியல் என்பதால் கணக்கும் சொல்கிறேன். 100 மில்லிவாட் லேசரைப் பத்து விநாடி வைத்தால் 1 ஜூல். காதுக்கு முன்னால் உள்ள சுரப்பிக்கு வெளியிலிருந்து, தோலைத் தாண்டிப் போகும் 800 நானோமீட்டர் வாக்கில் உள்ள ஒளி. நாக்குக்கு அடியில் என்றால் வாய்க்குள்ளிருந்து 650, 660 போன்ற சிவப்பு போதும். பேனா மாதிரி ஒரு முனையைத் தோலோடு அழுத்தி, சுண்டுவிரல் அகலம் விட்டு விட்டு, புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போவோம். நோயாளிக்கும் எனக்கும் கண்ணாடி கட்டாயம், கண்ணின் விழித்திரைக்கு அது ஆகாது. மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடம். அளவு கூடினால் பலன் கூடும் என்று நினைக்காதீர்கள். ஒரு எல்லைக்கு மேல் போனால் அதே ஒளி செல்லை மந்தப்படுத்தும். கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விடுகிற மாதிரிதான், நிரம்ப விட்டால் அழுகும். ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாமல் இருப்பதற்கு இந்த அளவுக் குழப்பமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நான் நாகஸ்வரக் கலைஞன், வயது 64. ஒரு வருடமாகக் கச்சேரியின் நடுவில் வாய் காய்ந்துவிடுகிறது. சீவாளி நனைய மாட்டேன் என்கிறது. சர்க்கரை நோயால் கால் எரிச்சலுக்கு ராத்திரி அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் போவதற்கு ஆக்ஸிபியூட்டினின், தும்மலுக்கு சிட்ரிசின் சாப்பிடுகிறேன். சீவல் மென்றால் கொஞ்சம் ஊறுகிறது. லேசர் வைத்துக்கொள்ள மதுரைக்கு வரட்டுமா?
வாசகர், மயிலாடுதுறை

லேசருக்காக வர வேண்டாம் ஐயா. உங்கள் மாத்திரைச் சீட்டிலேயே பதில் இருக்கிறது. நரம்பு சுரப்பிக்கு "ஊறு" என்று கட்டளை அனுப்புவது அசிடைல்கோலின் என்ற பொருள் மூலம். அமிட்ரிப்டிலினும் ஆக்ஸிபியூட்டினினும் அந்தக் கட்டளையை வழியிலேயே மறிக்கின்றன. சிட்ரிசினும் தன் பங்குக்குக் கொஞ்சம் காய வைக்கும். சுரப்பி நன்றாகத்தான் இருக்கும், குழாயை மூடி வைத்திருக்கிறோம். மூடிய குழாய் மேல் ஒளி அடித்துப் பயன் இல்லை.

நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். மூன்று மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு அவற்றை எழுதிய மருத்துவர்களிடம் போய், "வாய் காய்கிறது, என் தொழிலே வாயில்தான் இருக்கிறது" என்று சொல்லுங்கள். சிறுநீர்ப்பைக்கு மிராபெக்ரான் போல வாயை அவ்வளவாகக் காய வைக்காத மருந்து உண்டு. அதற்கு ரத்த அழுத்தம் மட்டும் கட்டுக்குள் இருக்க வேண்டும். கால் எரிச்சலுக்கும் மாற்று மருந்துகள் உண்டு. தும்மலுக்கு மாத்திரைக்குப் பதில் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே போதுமா என்று கேளுங்கள். சர்க்கரை ஏறியிருந்தாலும் வாய் காயும், அதையும் பாருங்கள்.

சீவல் வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் தெளிவாக எழுதிவிட்டது. உங்கள் வித்வத்தில் இருப்பவர்களின் கன்னத்தில் வெள்ளைப் பட்டைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். கன்னம் இறுகி வாய் திறப்பு குறைந்தால் அப்புறம் சீவாளியை உதட்டில் வைப்பதே பெரும்பாடு. மெல்ல வேண்டும் என்றால் சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்ந்த சூயிங்கம் மெல்லுங்கள், கச்சேரிக்கு அரை மணி முன்பு.

எனக்கு 46 வயது. கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தல், வாய் வறட்சி, மூட்டு வலி. ஷோகிரன் நோய் என்கிறார்கள். லேசர் இதைக் குணமாக்குமா?
வாசகி, புதுக்கோட்டை

இந்த நோயை ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் 1933இல் விரிவாக எழுதினார். பத்தில் ஒன்பது பேர் பெண்கள். நம் உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே எச்சில் சுரப்பிக்கும் கண்ணீர்ச் சுரப்பிக்கும் உள்ளே போய்க் குடியேறிவிடுகின்றன. ஆகவே சிகிச்சை உடம்பு முழுவதற்குமானதாக இருக்க வேண்டும், ரூமட்டாலஜி (மூட்டுவாத நோய்) மருத்துவர் கையில் இருக்க வேண்டும். இந்த நோயில் லேசரைப் பொய் லேசரோடு ஒப்பிட்டு பிரேசிலில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பைலோகார்பின் பொருந்துமா என்று கேளுங்கள், கண்ணுக்குச் சொட்டு மருந்தை விடாதீர்கள். காதுக்கு முன்னால் வீக்கம் வந்து வாரக்கணக்கில் வடியாமல் நின்றால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் காட்டுங்கள். இந்த நோயில் நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

என் அம்மாவுக்கு 63 வயது. கன்னத்தின் உள்பக்கம் புற்றுநோய், ஆபரேஷன் ஆகிவிட்டது. இன்னும் 24 நாளில் கரண்ட் தொடங்குகிறது. கீழ்க் கடைவாயில் இரண்டு பல் ஆடுகிறது. எல்லாம் முடிந்த பிறகு பல்லைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். லேசரை எப்போது தொடங்க வேண்டும்?
வாசகர், விருதுநகர்

தம்பி, வந்த கடிதங்களில் உங்களுடையதைத்தான் முதலில் பிரித்து வைத்தேன். 24 நாள் என்று படித்ததும் ஆசிரியரிடம் கேட்டு உங்களுக்குப் போனில் பேசிவிட்டேன். மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

1998இல் என் அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி. 35 நாள் கரண்ட். நான் அப்போதுதான் பல் மருத்துவம் முடித்திருந்தேன். ஒரு பல் மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்று அந்த ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை. எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. நோய் போய்விட்டது. அப்பா தலைமாட்டில் ஒரு பித்தளைச் சொம்பு வைத்துக்கொண்டார். ராத்திரி அது தரையில் உரசும் சத்தம் கேட்டால் அவர் எழுந்திருக்கிறார் என்று தெரியும். விடிவதற்குள் காலியாகிவிடும். சோற்றை ரசத்தில் பிசைந்து, அதுவும் இறங்காமல், வடிகட்டிய ரசத்தை மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். ஒரு வருடத்துக்குள் கீழ்க் கடைவாய்ப் பற்கள் ஈறு ஓரத்தில் கருத்து ஒடிந்தன. வலி தாங்காமல் ஒன்றைப் பிடுங்கினோம். அந்தக் குழி ஆறவே இல்லை. கதிர்வீச்சு பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துபோயிருக்கும், அது ஆறாது என்று அப்புறம் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். வாய்க்குள் எலும்பு வெள்ளையாகத் தெரிந்ததை நானே டார்ச் அடித்துப் பார்த்தேன். நான் பல் அடைப்பதை விட்டு இந்தத் துறைக்கு வந்தது அந்த வெள்ளை எலும்பைப் பார்த்த பிறகு.

உங்கள் அம்மாவுக்கு அது வரக்கூடாது. ஆடும் இரண்டு பல்லும் இந்த வாரமே வெளியே வர வேண்டும். பிடுங்கிய குழி மூட, கதிர்வீச்சுக்கு முன் குறைந்தது இரண்டு வாரம் வேண்டும், மூன்று கிடைத்தால் நல்லது. உங்களிடம் அந்த மூன்று வாரம் இருக்கிறது, இன்னும் நாலு நாள் தள்ளிப் போட்டால் இருக்காது. மிச்சப் பற்களில் சொத்தை இருந்தால் இப்போதே அடைத்து, ஃபுளோரைடு டிரேக்கும் அச்சு எடுத்துவிடுங்கள்.

எச்சிலைக் காப்பாற்றுவதில் இன்று நம்மிடம் இருப்பதிலேயே பெரிய ஆயுதம் கதிர்வீச்சு வைக்கும் முறைதான். ஐ.எம்.ஆர்.டி. என்ற முறையில் கதிரை வளைத்து வளைத்துக் கொடுத்து பரோடிட்டை ஒதுக்க முடியும். பிரிட்டனில் 94 பேரிடம் நடந்து 2011இல் வெளியான பார்ஸ்போர்ட் என்ற ஆய்வில், பழைய முறையில் சிகிச்சை பெற்றவர்களில் ஒரு வருடம் கழித்து 74 சதவீதம் பேருக்கு மிதமான அல்லது அதைவிடக் கடுமையான வறட்சி இருந்தது. ஐ.எம்.ஆர்.டி.யில் 38 சதவீதம். உங்கள் அம்மாவுக்கு நோய் ஒரு கன்னத்தில். மறுபக்கத்துப் பரோடிட்டை ஒதுக்கிப் பிளான் போட முடியுமா என்று கதிர்வீச்சு மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

இப்போது லேசர். எச்சிலுக்காக அதை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம் என்று மேலே திருமங்கலம் அம்மாவுக்கு எழுதியதுதான் இங்கேயும். ஆனால் கதிர்வீச்சு நடக்கும்போது வாய் முழுக்கப் புண் வந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்காமல் போகுமே, அதைக் குறைப்பதில் லேசருக்கு உறுதியான ஆதாரம் இருக்கிறது. கர்நாடகத்தில் மணிப்பால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துப் பெற்ற 221 பேரிடம் ஹீலியம் நியான் லேசரைச் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். லேசர் பெற்றவர்களுக்குக் கடும் புண்ணும் வலியும் குறைந்தன. சிகிச்சைகளை மதிப்பிட்டு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் இதற்குப் பச்சைக்கொடி காட்டியது. புண் வந்த பிறகு ஓடுவதைவிட, கதிர்வீச்சின் முதல் நாளிலிருந்தே, தினமும் கரண்டுக்குப் போவதற்கு முன் வைப்பது நல்லது. கட்டி இருந்த இடத்தின் மேல் நேராக வைப்பதில்லை. இந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. உங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறதா என்று இன்றே விசாரியுங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன உப்பு, ஆப்ப சோடாத் தண்ணீரில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொப்பளிக்கச் சொல்லுங்கள். சாராயம் கலந்த மவுத்வாஷ் கூடவே கூடாது. வெற்றிலை புகையிலைப் பழக்கம் இருந்தால் இன்றோடு சரி.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அம்மா வாயை எவ்வளவு திறக்கிறார்? அவருடைய மூன்று விரலை நெடுக்காக அடுக்கி மேல்பல்லுக்கும் கீழ்பல்லுக்கும் நடுவே வைக்கச் சொல்லுங்கள். இரண்டு விரல்தான் போகிறது என்றால் இப்போதிருந்தே வாய் திறக்கும் பயிற்சி தேவை. திங்கட்கிழமை பல் பிடுங்க வரும்போது ஆபரேஷன் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் கையோடு கொண்டுவாருங்கள். காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு எட்டரைக்கு இங்கே இருந்தால், மதியத்துக்குள் எக்ஸ்ரேயும் எடுத்து அன்றைக்கே இரண்டு பல்லையும் எடுத்துவிடலாம்.